கம்ப்யூட்டர் அறைக்கு மின்சாரமும் குளிர்ச்சியும்

(மருத்துவமனையின் நண்பர்கள் கூட்டத்தில் திட்டக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்தக் கூட்டத்தில் உங்கள் முன் நிற்கும்போதெல்லாம், கண்ணால் காணக்கூடிய ஒன்றைச் சொல்லித்தான் உங்கள் உதவியைக் கேட்பது வழக்கம். பிரசவ வார்டுக்குக் கட்டில்கள், கிராமங்களுக்குப் போய்வர ஒரு வண்டி, ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப். கொடுத்தவர்கள் வந்து பார்க்கலாம்; பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, "இது தாத்தா கொடுத்தது" என்று காட்டலாம். சுவரில் ஒரு கல்லும் இருக்கும். இந்த ஆண்டு நாங்கள் கேட்க வந்திருப்பதற்கு அப்படி ஒரு கல் பதிக்க இடம் இல்லை. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறைக்கு மின்சாரமும் குளிர்ச்சியும் தரும் ஏற்பாடுகளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கேபிள், பேட்டரி, ஏ.சி. இயந்திரங்கள், ஜெனரேட்டர், எர்த் குழி என்று, பூட்டிய கதவுக்குப் பின்னாலும் மொட்டை மாடியிலும் தரைக்கு அடியிலும் இருக்கப்போகும் சாமான்களுக்காக உங்கள் பணத்தைக் கேட்கிறோம். ஆகவே அதைப் பற்றி விவரமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கம்ப்யூட்டர் அறை என்றால் பில் போடும் இடம்தானே என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கம்ப்யூட்டர் நின்றால் ரசீதைக் கையால் எழுதிக் கொடுப்பார்கள்; நோயாளிக்கு ஒரு குறையும் வராது. இன்றைக்கு நிலைமை வேறு. இரவு இரண்டு மணிக்கு விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். தலையை சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்தப் படம் முன்போல் ஃபிலிமில் வருவதில்லை. கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் டாக்டரின் திரைக்கு வருகிறது. ரத்த வங்கியில் எந்தப் பிரிவு ரத்தம் எத்தனை பை இருக்கிறது, சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு நேற்று கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் யார், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த ஒரே அறையில் இருக்கிறது. அறை நின்றுபோனால் வார்டில் இருக்கும் சிஸ்டருக்குத் தன் முன்னால் படுத்திருப்பவரின் நேற்றைய நாள் தெரியாமல் போகிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. எல்லா வசதியும் உள்ள ஓர் இடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம்.

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கு இக்கரையில் பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே செயின்ட் தாமஸ் மருத்துவமனை இருக்கிறது. 1860-ல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தமது செவிலியர் பள்ளியை ஆரம்பித்த மருத்துவமனை அது. நம் நாட்டுச் செவிலியர் பள்ளிகளில் அந்தப் பெயரைக் கேளாதவர்கள் இருக்க மாட்டார்கள். அதுவும், லண்டன் பாலத்தின் அருகே உள்ள கைஸ் மருத்துவமனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் மையம் இருந்தது. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வரலாற்றில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. அன்றைக்கே குளிரூட்டும் இயந்திரங்கள் தாக்குப்பிடிக்காமல் போய், இரண்டு மையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. 371 கம்ப்யூட்டர் அமைப்புகள் பாதிக்கப்பட்டன. டாக்டர்களும் செவிலியர்களும் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பினார்கள். அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல வாரங்கள் பிடித்தன. 14 லட்சம் பவுன் செலவாயிற்று. மறு ஆண்டு அந்த நிர்வாகமே விசாரித்து அறிக்கை வெளியிட்டது.

இதில் நாங்கள் கவனித்த காரியம் ஒன்று. அந்த நாளில் லண்டனில் பெரிய மின்வெட்டு எதுவும் இல்லை. மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அறைகளுக்குள் சேர்ந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் முடியவில்லை. இன்னொன்று: ஒன்றுக்கு ஒன்று துணை என்று வைத்த இரண்டுக்கும் எதிரி ஒருவனே. ஒரே ஊரில், ஒரே வெயிலில் இரண்டும் நின்றன.

வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி என்பது செய்தித்தாளில் முதல் பக்கத்துக்குக்கூட வராது. லண்டனுக்கு ஒருநாள் வந்தது நமக்கு ஆண்டுதோறும் வருகிறது. அதோடு மின்வெட்டும் சேர்ந்து வரும். 2012-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. இன்றைக்கு அந்த நிலை இல்லை, உண்மைதான். ஆனால் 2016 டிசம்பரில் வார்தா புயலுக்குப் பிறகு சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம் வட்டாரத்திலும் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தது.

இனி கணக்குக்கு வருவோம். பொறியியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்; மற்றவர்களுக்குப் புரியவேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

கம்ப்யூட்டர் எதையும் தூக்குவதில்லை, இழுப்பதில்லை. அதற்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. கணக்குக்காக, அறையில் உள்ள சர்வர்களும் நெட்வொர்க் கருவிகளும் 8 கிலோவாட் மின்சாரம் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று சுமார் ஒரு கிலோவாட். எட்டு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு மூடிய அறைக்குள் வைத்து, இரவும் பகலும் அணைக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடக்கிறது. யு.பி.எஸ்.-க்குள் வீணாகும் மின்சாரமும், கூரையும் சுவரும் உள்ளே விடும் வெயிலும், விளக்கும், வேலை செய்யும் ஆட்களும் சேர்ந்தால் பத்து பெட்டிகள் ஆகிவிடும்.

பதினாறு அடி நீளம், பதின்மூன்று அடி அகலம், பத்து அடி உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்றின் எடை சுமார் 70 கிலோ. அந்தக் காற்றை ஒரு டிகிரி சூடாக்க, பத்துப் பெட்டிகளுக்கு 7 விநாடி போதும். சுவரும் இரும்பும் கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் ஏ.சி. நின்றுவிட்டால், நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மணிக்கணக்காக அவகாசம் கிடையாது.

இங்கேதான் நாங்கள் சற்று நின்று பேச விரும்புகிறோம். ஏனென்றால் நன்கொடையாளர்கள் பலரும் அன்போடு கேட்கும் முதல் கேள்வி, "பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்பதே. இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று பெரிய பேட்டரியாக வாங்கிக் கொடுத்தால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். மின்சாரம் போகிறது, பேட்டரியின் புண்ணியத்தால் சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பத்து இஸ்திரிப் பெட்டிகளும் எரிந்துகொண்டே இருக்கின்றன. ஏ.சி. மட்டும் பேட்டரியில் இல்லாததால் நின்றுவிட்டது. அப்படியானால் அந்தப் பெரிய பேட்டரி என்ன செய்கிறது? அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே அணைந்துவிடும், அணையாதவை பழுதாகும். பேட்டரியில் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மின்சாரம் மீதம் இருக்கும், பயன்படுத்த ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆகவே பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், குளிர்ச்சி இல்லாமல் அறை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்கவேண்டும். எங்கள் திட்டம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அதன்படி பேட்டரி இருபது நிமிடத்துக்குப் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகிப் பளுவை ஏற்க 10 அல்லது 15 விநாடி ஆகும். முதல் முயற்சியில் ஓடாவிட்டால் ஆள் போய்ப் பார்ப்பதற்கும், அதுவும் நடக்காவிட்டால் சர்வர்களை ஒவ்வொன்றாக முறைப்படி அணைப்பதற்கும் மீதி நிமிடங்கள். பேட்டரியில் மிச்சப்படும் பணம் ஏ.சி.க்கும் ஜெனரேட்டருக்கும் போகிறது.

ஏ.சி. விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் கணக்கும் அறை கேட்கும் கணக்கும் வேறு. ஒரு டன் என்பது சுமார் மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் சக்தி. பத்து கிலோவாட்டுக்கு மூன்று டன் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த எண் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. சித்திரை மாதத்துக் கான்கிரீட் மொட்டை மாடியில் வெளி யூனிட்டைத் தொடும் காற்று, வானிலை அறிக்கையில் வரும் காற்றைவிடச் சூடானது. மேலும் வீட்டு ஏ.சி. மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. மனிதருக்கு வியர்வை உண்டு. ஆகவே அதன் சக்தியில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுப்பதில் போய்விடுகிறது. சர்வருக்கு வியர்ப்பதில்லை. இவற்றையெல்லாம் கழித்தால் இரண்டு டன் இயந்திரம் ஒன்று நமக்கு உண்மையில் நாலரை முதல் ஐந்து கிலோவாட் அளவுக்கே உதவும். ஆகவே மூன்று இயந்திரங்கள் தேவை. ஒன்று எப்போதாவது பழுதாகும், ஒன்றை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்; அதற்காக நான்காவது ஒன்று. கம்ப்யூட்டர் அறைகளுக்கென்றே செய்யப்படும் தனிவகை இயந்திரங்களும் உண்டு. அவை மேலானவை, ஆனால் விலை அதிகம், பழுது பார்க்க ஆள் பெரிய நகரத்திலிருந்து வரவேண்டும். பக்கத்து ஊர் மெக்கானிக் இரவு பத்து மணிக்கு வந்து சரிசெய்யக்கூடிய நான்கு இயந்திரங்கள், மூன்று நாள் கழித்து ஆள் வரும் ஒரு நல்ல இயந்திரத்தைவிட நமக்கு உகந்தவை என்பது எங்கள் தீர்மானம். குழுவில் இதற்கு மாற்றுக் கருத்தும் இருந்தது.

சிறிய காரியம் ஒன்று, ஆனால் அறையையே நிறுத்திவிடக்கூடியது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சில ஏ.சி.கள் தாமாக ஓடத் தொடங்குவதில்லை. ரிமோட்டை யாராவது அழுத்தும்வரை சும்மா இருக்கும். பகலில் யாராவது பார்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு யார் அழுத்துவது? ஆகவே தானாக ஓடத் தொடங்கும் வகையைத்தான் வாங்கவேண்டும், வாங்கியபின் மெயினை அணைத்துப் போட்டு அதைச் சோதிக்கவும் வேண்டும். கம்ப்ரசரைக் காக்க ஸ்டெபிலைசரும் இயந்திரமும் சேர்ந்து சில நிமிடம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தையும் அறை தாங்கவேண்டிய நேரத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும். பல்லி ஒன்று வெளி யூனிட்டின் சர்க்யூட் பலகையில் ஏறி உட்கார்ந்தாலும் இயந்திரம் நின்றுவிடும் என்பதை நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் சொல்லுவார்கள். இதை எந்த அயல்நாட்டுப் புத்தகமும் சொல்லுவதில்லை. மெல்லிய வலை அடித்தால் தீரும்.

ஜெனரேட்டருக்கு வருகிறோம். மூன்று ஏ.சி.களும் சேர்ந்து ஆறு அல்லது ஏழு கிலோவாட், யு.பி.எஸ்.-உம், அது தன் பேட்டரியை மறுபடி நிரப்பிக்கொள்வதும் சேர்ந்து பத்து கிலோவாட்டுக்கு மேல். மொத்தம் 17 கிலோவாட் என்று கொள்ளலாம். கம்ப்ரசர்கள் ஓடத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் பல மடங்கு அதிகம். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி அமைத்து, 30 கே.வி.ஏ. அளவில் கம்ப்யூட்டர் அறைக்கெனத் தனி ஜெனரேட்டர் கேட்கிறோம். மருத்துவமனையின் பெரிய ஜெனரேட்டரிலேயே இணைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது அறுவை அரங்குக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், பச்சிளங்குழந்தைகள் அறைக்கும் முதலில் கடன்பட்டது. அந்தக் கடனில் நாங்கள் பங்கு கேட்கமாட்டோம். ஆனால் நமது சிறியது பழுதானால் பெரியதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு கேபிளும் சுவிட்சும் திட்டத்தில் உண்டு.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பது அதை வாங்குவதைவிட முக்கியமானது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அமெரிக்காவின் நியூயார்க் நகரைத் தாக்கியது. அங்கே பெல்வியூ என்ற பழைமையான பொது மருத்துவமனையில் ஜெனரேட்டர்களைப் பதின்மூன்றாம் மாடியில் உயரமாகத்தான் வைத்திருந்தார்கள். வெள்ளம் அவற்றைத் தொடவில்லை. ஆனால் அவற்றுக்கு எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகள் தரைக்கு அடியில் நிலவறையில் இருந்தன. நிலவறையில் தண்ணீர் புகுந்தது. ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, எரிபொருளைக் கைக்குக் கை மாற்றிப் பதின்மூன்று மாடி ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றவேண்டியதாயிற்று. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இது தூரதேசத்துக் கதை அல்ல. ஜெனரேட்டர் மட்டுமல்ல, டீசல் டிரம், பம்பு, மாற்று சுவிட்சுப் பெட்டி, அதற்குப் போகும் கேபிள் எல்லாமே தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தால்தான் பயன். ஆகவே மூன்றடி உயர மேடை ஒன்றை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய மூன்று யூனிட் மின்சாரம் கிடைக்கும். நமது பளுவுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் வரை. புயல் அறிவிப்பு வந்தவுடன் இரண்டு பேரல்கள் நிரப்பிவைத்தால் மூன்று நாள் தாங்கலாம்.

இரண்டு கேள்விகள் கடிதங்களில் வந்திருக்கின்றன. ஒன்று, மாடியில் சோலார் இருந்தால் மின்வெட்டைப் பற்றிக் கவலை ஏன் என்பது. சாதாரணமாக மின்வாரிய இணைப்போடு சேர்த்துப் பொருத்தப்படும் சோலார், மின்சாரம் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓடவேண்டுமானால் அதற்கென வேறு வகை இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். வெயில் அதிகமாகும்போதுதான் ஏ.சி.யும் அதிகம் உழைக்கிறது, சோலாரும் அதிகம் தருகிறது. ஆகவே மாதாந்திர மின்கட்டணத்தைக் குறைக்க அது மிக நல்லது. இரண்டாம் கட்டத்தில் அதைக் கேட்போம். முதல் கட்டத்தில் அதை வைத்து ஏமாறக் கூடாது.

மற்றொன்று, எல்லாவற்றையும் பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் மையங்களுக்கே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை எதற்கு என்பது. பதிவுகளின் ஒரு பிரதி வெளியூரில் இருக்கவேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. அதற்கான ஏற்பாடு திட்டத்தில் இருக்கிறது. ஆனால் லண்டன் மருத்துவமனை நின்ற அதே 2022 ஜூலை 19 அன்று, அதே ஊரில் கூகுள், ஆரக்கிள் ஆகிய நிறுவனங்களின் மையங்களிலும் குளிர்ச்சி போய்ச் சில சேவைகள் தடைப்பட்டன. வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை. அதோடு, புயலில் சாலையோரக் கேபிள் அறுந்தால், பதிவுகள் உலகின் எந்த மூலையில் பத்திரமாக இருந்தாலும் நமது ஆறாம் வார்டுக்கு அது எட்டாது.

இவ்வளவு சொன்னபின், பணம் செலவழிக்காமல் செய்யவேண்டியவற்றை முதலில் செய்கிறோமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செய்கிறோம். இயந்திரங்களின் முதுகில் எழுதியிருக்கும் வாட் எண்களைக் கூட்டினால் வரும் தொகை, அவை உண்மையில் எடுப்பதைவிட மிக அதிகமாக இருக்கும். பெரும்பாலும் பாதிக்கு மேல் எடுக்காது. அந்த எண்களை நம்பி வாங்கினால் உங்கள் பணத்தில் பாதி வீண். எனவே எலெக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரை மாட்டி, திங்கட்கிழமை காலை வெளிநோயாளிகள் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் அளக்கிறார். மேற்குப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கிறோம். கூரைக்கு மேலே வெள்ளை அடிக்கிறோம். சர்வர் அலமாரிகளில் காலி இடங்களைத் தகட்டால் மூடி, சூடான காற்று முன்பக்கம் சுற்றி வராதபடி செய்கிறோம். அலமாரிகளின் முகம் எல்லாம் ஒரு பக்கமும் முதுகு எல்லாம் மறு பக்கமும் இருக்கும்படி திருப்புகிறோம். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் எந்த அலமாரிக்கும் மேலே போகாதபடி பாதையை மாற்றுகிறோம்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றவேண்டும். கம்ப்யூட்டர் அறை என்றால் ஊட்டியைப் போல இருக்கவேண்டும், உள்ளே போகிறவர் ஸ்வெட்டர் போடவேண்டும் என்ற எண்ணம் அந்நாளிலிருந்து நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உலகம் முழுவதும் இத்துறையில் பின்பற்றப்படும் அமெரிக்கக் குளிரூட்டுப் பொறியாளர் சங்கத்தின் வரையறை, சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. 18-ல் வைத்திருப்பதை 24-க்கு மாற்றினாலே கட்டணம் குறையும். வெப்பமானியை அறையின் நடுச்சுவரில் தொங்கவிடாமல், அலமாரியின் முன்பக்கத்தில், மேல் தட்டில் வைக்கவேண்டும். அங்கேதான் முதலில் சூடு ஏறும். 27-ஐத் தாண்டினால் இரவுக் காவலரின் தொலைபேசிக்கு மணி அடிக்கும். 32-ஐத் தொட்டால் முதலில் எவற்றை அணைப்பது என்ற பட்டியல் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். டாக்டர்களோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயாரித்தோம். ஆய்வுக்கூடம், மருந்தகம், ஸ்கேன் படங்கள், ரத்த வங்கி ஆகியவை கடைசிவரை நிற்கும். மாதாந்திரக் கணக்கு அறிக்கைகள் முதலில் போகும். கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு இதில் வருத்தம்தான்.

யு.பி.எஸ். இரண்டு கேட்கிறோம். ஒவ்வொன்றும் தனியாகவே முழுப் பளுவையும் தாங்கக்கூடியது. நல்ல சர்வர்களில் இரண்டு மின் இணைப்புகள் இருக்கும். ஒன்று இந்த யு.பி.எஸ்.-க்கும் மற்றது அந்த யு.பி.எஸ்.-க்கும் போகவேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் செருகிவிட்டால் இரண்டு இருந்தும் ஒன்றே. எர்த் குழிகள் புதிதாகத் தோண்டப்படும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலன் தராது என்பதால், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது தோட்டக்காரரின் வேலையில் சேர்க்கப்படும்.

பேட்டரியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அது மறுபடியும் உங்களிடம் வரவைக்கும் சாமான். ஈய-அமிலப் பேட்டரி 25 டிகிரிக்கென்று செய்யப்பட்டது. அதற்கு மேல் சுமார் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகிறது. நான்கு ஆண்டு உழைக்கவேண்டியது, மாடிப்படிக்கு அடியில் 35 டிகிரியில் கிடந்தால் இரண்டு ஆண்டில் போய்விடும். அதுவும் சொல்லிக்கொள்ளாமல் போகும். மின்சாரம் இருக்கும்வரை நன்றாக இருப்பதுபோல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே பேட்டரிகளும் குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் இருக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிது வாங்கவேண்டியிருப்பதால், விலையில் நான்கில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்க ஒரு தனி நிதி வேண்டும். வாங்கிக் கொடுக்க முன்வருகிறவர்கள் பலர். மாற்றிக் கொடுக்க முன்வருகிறவர்கள் குறைவு. மாதம் ஒரு சிறு தொகை இந்த நிதிக்கு அனுப்பக்கூடியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருபது பேர் இருந்தால், புதிய ஜெனரேட்டரைவிட அதை நாங்கள் பெரிதாக எண்ணுவோம்.

எல்லாம் பொருத்தியபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை உண்மையாகவே அணைப்போம். பொத்தானை அழுத்திப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. வேலைநாளில், டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டு, வார்டுகளில் காகிதப் படிவங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் ஜெனரேட்டரிலேயே ஓட்டுவோம். இளம் செவிலியர்களில் பலர் மருந்து அட்டையைக் கையால் எழுதிப் பழகாதவர்கள். அவர்களுக்கும் அது பயிற்சி.

செலவு விவரம் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இருக்கிறது. வேலையை இந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறோம்: முதலில் அளவெடுப்பும் சுவர், கூரை வேலைகளும், பிறகு மேடையும் கேபிளும் எர்த்தும், அடுத்து ஏ.சி., அதன்பின் ஜெனரேட்டர், கடைசியில் யு.பி.எஸ். பாதியில் பணம் நின்றாலும் அதுவரை செய்தது பயன்படும்படி இப்படி வைத்திருக்கிறோம். வெளி யூனிட்டுகள் மாசி முடிவதற்குள் மாடியில் ஏறிவிடவேண்டும். சித்திரை வெயிலில் அந்த மொட்டை மாடியில் நின்று குழாய் பற்றவைக்கும்படி எந்தத் தொழிலாளியையும் கேட்க எங்களுக்கு மனம் இல்லை.